தொழுவத்தைவிடப் பள்ளி மேல்: பர்பியானா, 1954–1967

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ஃபிளாரன்ஸ் நகருக்கு வடகிழக்கே முஜெல்லோ என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் தென்புறம் எழும் ஜோவி மலையின் சரிவில், விக்கியோ நகராட்சிக்கு உட்பட்ட பர்பியானாவை ஊர் என்று சொல்வதே மிகை. ஒரு தேவாலயம், அதை ஒட்டிய குருவின் வீடு, சிறிய கல்லறைத் தோட்டம், காட்டுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த சில குடியானவர் வீடுகள், அவ்வளவுதான். 1954 டிசம்பரில் லொரென்சோ மிலானி என்ற 31 வயதுப் பாதிரியார் அங்கே வந்து சேர்ந்தபோது தேவாலயம் வரை வண்டி போகும் பாதை கிடையாது. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடையாது. மலையிலிருந்து குடும்பங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்ததால் அந்தப் பங்கையே, அதாவது அந்தத் தேவாலயத்தைச் சார்ந்த சமயப் பகுதியையே, மூடிவிடுவதாக இருந்தது. மூட வேண்டிய இடத்துக்கு ஒருவரை அனுப்புவதன் பொருள் அனுப்பியவர்களுக்கும் தெரியும், போனவருக்கும் தெரியும். வந்த மறுநாளே மிலானி விக்கியோவுக்கு நடந்து போய், தமக்கென்று ஒரு கல்லறை இடத்தை விலைக்கு வாங்கினார். இனி இந்த மலையை விட்டு இறங்கப் போவதில்லை என்பதைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட விதம் அது என்று கொள்ளலாம்.

அங்கே அவர் நடத்திய பள்ளி ஏறத்தாழ 12 ஆண்டுகள் மட்டுமே உயிரோடு இருந்தது. எந்தக் காலத்திலும் அதில் சில பத்துப் பிள்ளைகளுக்கு மேல் படித்ததில்லை. அரசு அங்கீகாரம் இல்லை, சம்பளம் வாங்கும் ஆசிரியர் இல்லை, சான்றிதழ் தரும் உரிமையும் இல்லை. அப்படிப்பட்ட பள்ளி இத்தாலியக் கல்வி வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயரானது எப்படி என்பதே இந்த ஆய்வின் பொருள். அந்தப் பள்ளியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாதிரியாரின் அன்பையும் தியாகத்தையும் முன்னிறுத்துகிறார்கள். என் பார்வையில் அங்கே நடந்த முக்கியமான காரியம் வேறு. வழக்கமான பள்ளி யாரை வெளியே தள்ளியதோ அவனை நடுவில் உட்காரவைத்து, அவனுக்காக நேரத்தையும் சொற்களையும் திருத்தி அடுக்கியதும், தள்ளப்பட்டவர்களைப் பின்னர் எண்ணிக் காட்டியதுமே அந்தப் பள்ளி செய்த வேலை.

பாதிரியார் மலைக்கு வந்த கதை

மிலானி ஏழையாகப் பிறந்தவர் அல்லர். 1923 மே 27 அன்று ஃபிளாரன்ஸில் செல்வமும் படிப்பும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். தாயார் யூத வம்சத்தவர். இளமையில் ஓவியம் பயின்ற அவர், 20ஆவது வயதில் குருமடத்தில் சேர்ந்து 1947இல் குருப்பட்டம் பெற்றார். ஃபிளாரன்ஸை அடுத்த சான் தொனாத்தோ தி கலென்சானோ என்னும் ஊரில் துணைக் குருவாக இருந்தபோதே நெசவாலைத் தொழிலாளருக்கும் குடியானவருக்கும் இரவுப் பள்ளி தொடங்கினார். கம்யூனிஸ்டு வீட்டுப் பையனும் கூச்சமில்லாமல் உள்ளே வர வேண்டும் என்பதற்காக அந்த வகுப்பறைச் சுவரிலிருந்த சிலுவையைக் கழற்றிவைத்தார். கட்சிகளும் பங்குகளும் எதிரெதிரே நின்ற அந்தக் காலத்து இத்தாலியில் இது சின்னக் காரியம் அன்று. வயதான பங்குக் குரு இறந்ததும், இளையவரை அதே பங்கில் அமர்த்தாமல் மலைக்கு அனுப்பினார்கள். கலென்சானோ அனுபவங்களை வைத்து அவர் எழுதிய நூல் 1958இல் வெளிவந்தது. அந்த ஆண்டு இறுதியிலேயே அதை விற்பனையிலிருந்து திரும்பப் பெறும்படி ரோமிலுள்ள திருச்சபைத் தலைமையிடமிருந்து உத்தரவு வந்தது. அந்தத் தடை 2014இல்தான் நீங்கியது.

பர்பியானாவின் குடும்பங்கள் பெரும்பாலும் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவை. விளைச்சலில் ஒரு பங்கு நிலக்காரருக்குப் போகும். மிஞ்சியதில் வீடு நடக்கும். பையன் ஐந்தாம் வகுப்பு முடித்தால் ஆடுமாடு, விறகு, உழவு என்று வேலை காத்திருக்கும். அந்த ஐந்தாம் வகுப்பும் எப்படிப்பட்டது என்றால், ஒரே அறையில் ஒரே ஆசிரியை ஐந்து வகுப்புகளையும் வைத்து நடத்தியது. எனக்கு உரிமையான பள்ளியில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைத்தது என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பின்னாளில் எழுதினான். ஈராசிரியர் பள்ளிகளில் படித்தவர்களும் பாடம் நடத்தியவர்களும் நம்மில் ஏராளம். இந்தக் கணக்கை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சட்டத்தின் 34ஆவது பிரிவு, குறைந்தது 8 ஆண்டுக் கல்வி கட்டாயமானது, இலவசமானது என்று கூறியிருந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்புக்குப் பின் பாதை இரண்டாகப் பிரிந்தது: லத்தீன் படித்து மேலே போகும் நடுநிலைப் பள்ளி ஒன்று, தொழில் கற்று வேலைக்குப் போகும் பள்ளி ஒன்று. இரண்டையும் இணைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்ற சட்டம் 1962 டிசம்பர் 31 அன்றுதான் நிறைவேறியது. பர்பியானா பள்ளி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மிலானி முதலில் இளைஞர்களுக்கு இரவு வகுப்பு நடத்தினார். 1956இல், தொடக்கப் பள்ளியை முடித்துக் கீழே விக்கியோவுக்குப் போகாமல் நின்றுவிட்ட ஆறு பையன்களை வைத்துப் பகல் பள்ளியை ஆரம்பித்தார்.

ஒரு புத்தகம், ஒரு மேசை

குருவின் வீட்டு அறைதான் வகுப்பு. மேசையும் நாற்காலிகளும் பிள்ளைகள் தங்கள் பட்டறையில் அறுத்து இழைத்துச் செய்தவை. புதிதாக வந்த ஒரு மாணவனுக்கு அது பள்ளியாகவே தோன்றவில்லை. ஆசிரியர் மேசை இல்லை, கரும்பலகை இல்லை, வரிசை பெஞ்சு இல்லை. பெரிய மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள், அதே மேசைகளில் சாப்பிட்டார்கள். எந்தப் புத்தகமானாலும் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது, எல்லோரும் அதன்மேல் கவிந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன் கொஞ்சம் பெரியவன், அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான் என்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பாடம் சொன்னவர்களில் மூத்தவனுக்கு 16 வயது, இளையவனுக்கு 12. வந்து ஓராண்டுக்குள் அந்தப் புதிய மாணவனும் வாரத்தில் மூன்று அரை நாள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல், கணக்கு, பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராகிவிட்டான்.

இதைவிட முக்கியமான ஒரு வழக்கம் அங்கே இருந்தது. அடிப்படை தெரியாமல் வந்தவன், மெதுவாகப் பிடிப்பவன், மனம் ஒட்டாதவன் எவனோ அவன்தான் அந்தப் பள்ளியின் செல்லப்பிள்ளை. மற்ற பள்ளிகளில் முதல் மாணவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு அங்கே அவனுக்குக் கிடைத்தது. அவனுக்குப் புரியும் வரை மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. நம் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் எடுத்து, மாலையில் அவர்களை மட்டும் தனியே நிறுத்திவைப்பதையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அங்கே காத்திருந்தது மொத்த வகுப்பும். காத்திருந்தவர்களுக்கு இதனால் நட்டம் உண்டா என்றால், உண்டு. மேலே ஓடக்கூடிய பையனின் நேரம் கொஞ்சம் போகத்தான் செய்யும். அந்த நட்டத்தை அவர்கள் நேரத்தைப் பெருக்கி ஈடுகட்டினார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் பள்ளி மாலை இருட்டும் வரை நடந்தது. ஆண்டின் 365 நாளும் பள்ளி உண்டு. ஞாயிறும் விதிவிலக்கு இல்லை, கோடை விடுமுறையும் இல்லை. இடைவேளை மணி என்ற ஒன்றே கிடையாது.

நகரத்திலிருந்து வந்து பார்த்த ஆசிரியர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களில் ஒருவர், பாதிரியார் கல்வியியல் படித்தவரில்லை என்று நினைவூட்டிவிட்டு, விளையாட்டு குழந்தையின் உடலுக்கும் உள்ளத்துக்கும் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நூல் மேற்கோளுடன் விளக்கினார். எதிரே உட்கார்ந்திருந்த பையன்களை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் புறப்பட்டுப் போன பிறகு, வீட்டுத் தொழுவத்தில் 36 மாடுகளை வைத்திருந்த ஒரு பையன் சொன்னான்: என்ன இருந்தாலும் சாணியைவிடப் பள்ளி மேல்தான். கல்வியியல் பேசுவோர் மறந்துவிடும் ஒரு கணக்கு அந்த ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு விடுமுறை என்றால் ஓய்வு. இந்தப் பையனுக்கு விடுமுறை என்றால் 36 மாடுகள்.

பாடங்கள் எவை என்று கேட்டால் முதலில் செய்தித்தாளைச் சொல்ல வேண்டும். நாள்தோறும் அதை உரக்கப் படித்து, தெரியாத சொல்லில் நிறுத்தி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தோண்டுவார்கள். வந்த கடிதங்களையும் அவ்வாறே படித்தார்கள். மலைக்கு வந்த விருந்தினர் எவராயினும் பிள்ளைகளின் கேள்விகளுக்கு உட்காராமல் இறங்க முடியாது. மனிதரைச் சமமாக்குவது மொழி ஒன்றுதான், தன்னைச் சொல்லவும் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவனே சமமானவன் என்பது மிலானியின் உறுதியான எண்ணம். ஆகவே பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் எல்லாம் கற்பித்தார்கள். 15, 16 வயதில் பிள்ளைகளைக் கோடையில் வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே கூலி வேலை பார்த்துக்கொண்டே மொழியைப் பழகவைத்தார்கள். தண்ணீரைக் கண்டால் அஞ்சிய மலைப்பிள்ளைகளுக்காகப் பள்ளியின் பக்கத்திலேயே குளம் போல ஒரு தொட்டியும் கட்டினார்கள். சுவரில் 'ஐ கேர்' என்று ஆங்கிலத்தில் எழுதித் தொங்கவிட்ட அட்டை இன்றும் அங்கே இருக்கிறது. எனக்கென்ன என்று இருப்பதற்கு நேர் எதிரான மனநிலையை இரண்டே சொல்லில் காட்டுவதால் மிலானி அதைத் தேர்ந்தெடுத்தார்.

இனி, பாராட்டோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டிய குறைகள். இது மென்மையான பள்ளி அன்று. வேறு வழியே இல்லாதபோது சாட்டையையும் எடுத்ததுண்டு என்று மாணவர்களே எழுதியிருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. கீழே இருந்த சிற்றூர்களிலிருந்து பையன்கள் மலையேறி வந்தார்கள். அந்தச் சிற்றூர்ப் பெண் பிள்ளைகளில் ஒருத்திகூட வரவில்லை. பாதை கடினமாக இருந்திருக்கலாம், அல்லது பெண்ணுக்குக் கோழி மூளை இருந்தாலும் பிழைத்துக்கொள்வாள் என்று பெற்றோர் நினைத்திருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். பெற்றோரைக் குறை சொன்னதோடு அந்தப் பேச்சு முடிகிறது. பின்தங்கிய பையனுக்காக வகுப்பையே நிறுத்திவைத்த பள்ளி, வராத பெண் பிள்ளைக்காக அதே அளவு மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முழுப் பளுவும் ஒரே மனிதரின் தோளில் இருந்தது. 1963 முதல் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை வந்து உதவினார் என்றாலும், ஆண்டு முழுவதும் ஒரு நாள் விடாமல் பள்ளி நடத்துவது குடும்பம் இல்லாத, வேறு இடத்துக்குப் போக வழியும் இல்லாத ஒருவரால்தான் முடிந்தது.

தேர்வும் வழக்கும்

அங்கீகாரம் இல்லாத பள்ளி என்பதால் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் வெளித் தேர்வர்களாகப் போய் எழுத வேண்டியிருந்தது. இரு வேறு உலகங்கள் மோதிக்கொண்ட இடம் அது. பிரெஞ்சுத் தேர்வில் இலக்கண விதிவிலக்குகளாகப் பொறுக்கி எடுத்துக் கேட்டார்கள். அப்படிப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பையன் ஒருவனுக்கு, பிரான்சுக்குப் போனால் கழிப்பறை எங்கே என்றுகூடக் கேட்கத் தெரியாது என்று இவர்கள் எழுதினார்கள். ஆந்தையையும் கூழாங்கல்லையும் விசிறியையும் மட்டும் ஒருமையிலும் பன்மையிலும் பிழையின்றிச் சொன்னான். உடற்பயிற்சித் தேர்வில் ஆசிரியர் ஒரு பந்தை வீசி, கூடைப்பந்து ஆடுங்கள் என்றார். இவர்கள் அந்த ஆட்டத்தைக் கண்டதில்லை. அவர் இளக்காரமாகப் பார்த்தார். அவர் முன் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஓக் மரத்தில் ஏறி, இரு கையையும் விட்டுவிட்டுக் கோடரியால் 200 கிலோ எடையுள்ள கிளையை வெட்டிச் சாய்த்து, பனியில் இழுத்துவந்து வீட்டு வாசலில் தாயின் காலடியில் போடக்கூடியவர்கள். அதற்கு மதிப்பெண் பட்டியலில் கட்டம் இல்லை.

இதற்கிடையில் 1965 பிப்ரவரியில், ஓய்வுபெற்ற இராணுவ ஆன்ம குருக்கள் சிலர், மனசாட்சியின் பேரில் படையில் சேர மறுப்பது கோழைத்தனம், தாய்நாட்டுக்கு இழிவு என்று அறிக்கை விட்டார்கள். செய்தித்தாளில் அதைப் படித்த வகுப்பு அன்று வேறு பாடத்துக்குப் போகவில்லை. இத்தாலி நடத்திய போர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மிலானி ஒரு பதில் எழுதினார்; அது கம்யூனிஸ்டு வார இதழ் ஒன்றில் வெளிவந்ததும் குற்றத்தைத் தூண்டியதாக அவர்மீது வழக்குப் பாய்ந்தது. நோயால் நீதிமன்றத்துக்குப் போக இயலாத அவர், தம் தரப்பை நீதிபதிகளுக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். ஓர் ஆசிரியன் தன் பிள்ளைகள் கண்ணெதிரே ஓர் அநீதியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தால், அதன்பின் அவன் கற்பிக்க என்ன இருக்கிறது என்பதே அதன் சாரம். 1966 பிப்ரவரி 15 அன்று ரோம் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது.

பெயிலானவர்கள் எழுதிய புத்தகம்

பர்பியானாவிலிருந்து ஆசிரியராகும் எண்ணத்தோடு ஆசிரியர் பயிற்சிக்கான மேல்நிலைப் பள்ளிக்குப் போன இரு மாணவர்கள் பெயிலாக்கப்பட்டார்கள். ஊருக்குத் திரும்பிய அவர்களோடு சேர்ந்து எட்டுப் பையன்கள், பெயிலாக்கிய ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் எழுதும் பாவனையில் ஒரு நூலை எழுதத் தொடங்கினார்கள். என் பெயர்கூட உங்களுக்கு நினைவிருக்காது, நீங்கள் எத்தனையோ பேரைப் பெயிலாக்கியவர் என்று அது ஆரம்பிக்கிறது. ஏறத்தாழ ஓராண்டு உழைப்பில் உருவாகி, 1967 மே மாதம் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற பெயரில் ஃபிளாரன்ஸில் அச்சானது. தமிழில் இது 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்ற தலைப்பில் சுருக்கமாக வெளிவந்து ஆசிரியர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது.

எழுதிய முறையே ஒரு பாடம். 1963 கோடையில் வட இத்தாலியின் பியாதேனா பகுதியைச் சேர்ந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர் மாரியோ லோதி பர்பியானாவுக்கு வந்திருந்தார். அவரது வகுப்புக்கும் இவர்களுக்கும் இடையே தொடங்கிய கடிதப் போக்குவரத்தில்தான் கூட்டாக எழுதும் முறை முறைப்பட்டது. ஒவ்வொருவனும் தன் மனதில் பட்டதைத் துண்டுத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு தாளுக்கு ஒரு எண்ணமாக எழுத வேண்டும். பிறகு எல்லாத் துண்டுகளையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே விஷயத்தைச் சொல்பவற்றைக் குவியல் குவியலாகச் சேர்ப்பார்கள். இரட்டிப்பானவை போகும். குவியல்கள் அத்தியாயங்களாகும், அத்தியாயத்துக்குள் துண்டுகளை வரிசைப்படுத்துவார்கள். பிறகு உரக்கப் படித்து, தேவையற்ற சொல், இருமுறை வந்த சொல், புரியாத சொல், நீண்ட வாக்கியம் என்று ஒவ்வொன்றாக நீக்குவார்கள். கடைசியில், அதிகம் படிக்காத ஒருவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டி, அவருக்குப் புரியாத இடத்தைத் திருத்துவார்கள். பதவியில் இருப்பவர்களின் சுற்றறிக்கைகளை இந்தச் சல்லடையில் ஒருமுறை சலித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நூலின் பலம் கோபத்தில் இல்லை. கோபம் எவருக்கும் வரும். அவர்கள் பள்ளிப் பதிவேடுகளையும் அரசின் புள்ளிவிவரங்களையும் திரட்டி, ஒரு வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஆண்டுக்காண்டு எப்படிக் குறைகிறார்கள், குறைந்தவர்களின் தகப்பன்மார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று அட்டவணை போட்டார்கள். கவிஞர் எழுதும் சோகக் கதையைப் படித்து உச்சுக்கொட்டிவிட்டுப் போகலாம். அட்டவணையைக் கண்டால் பதில் சொல்லியாக வேண்டும். நூலில் இரண்டு பையன்கள் வருகிறார்கள்: மருத்துவர் மகன் பியெரீனோ, ஏழை வீட்டுப் பிள்ளை ஜான்னி. முதலாமவன் பள்ளியில் நுழையும்போதே எழுத்தும் சொல்லும் தெரிந்து வருகிறான். இரண்டாமவன் பேசும் மொழியே பிழை என்று சிவப்பு மையில் அடிக்கப்படுகிறது. பெயிலாகிறான், ஓரிரு ஆண்டில் நின்றுவிடுகிறான். இடைநிற்றல் என்று பதிவேட்டில் விழும் சொல், பிள்ளை தானே நின்றுவிட்டதுபோல் ஒலிக்கிறது. இவர்களோ வினையைப் பள்ளியின் பேரில் எழுதினார்கள்: பள்ளிக்கு இருப்பது ஒரே சிக்கல், அது இழந்துவிடும் பிள்ளைகள். நலமாக இருப்பவர்களைக் கவனித்து நோயாளிகளை விரட்டிவிடும் மருத்துவமனை என்று அதைச் சொன்னார்கள்.

அவர்கள் முன்வைத்த திருத்தம் மூன்றே வரி. பெயிலாக்காதீர்கள், மந்தமாகத் தோன்றும் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி கொடுங்கள், சோம்பேறியாகத் தோன்றும் பிள்ளைக்கு ஒரு குறிக்கோளைக் கொடுங்கள். இந்த மூன்றில் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, பெயிலாக்கா முறை படிப்பைக் கெடுத்துவிட்டது என்று இத்தாலியிலும் வாதாடினார்கள், நம்மிடையேயும் வாதாடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2019-20 கல்வியாண்டில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு வலுத்து 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றபோது நடந்த விவாதத்திலும் பேச்சு முதல் வரியிலேயே நின்றது. இரண்டாவது வரியில்தான் செலவு இருக்கிறது. ஆசிரியர்கள், நேரம், மாலை உணவு, கட்டடம் எல்லாம் அந்த வரியில் அடங்கும். அது இல்லாத முதல் வரியைப் பர்பியானா கேட்கவில்லை.

பிறகு

மிலானிக்கு 1960 இறுதியிலேயே நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் கண்டிருந்தது. கடைசி ஆண்டில் வகுப்பறையிலேயே கட்டிலில் படுத்தபடி, சுற்றி உட்கார்ந்த பையன்களோடு நூலின் வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நூல் வெளிவந்து இரண்டு மாதம் ஆகுமுன், 1967 ஜூன் 26 அன்று, ஃபிளாரன்ஸில் தாயார் வீட்டில் இறந்தார். வயது 44. கடவுளைவிட உங்களை அதிகம் நேசித்துவிட்டேன், அவர் இந்த நுணுக்கத்தையெல்லாம் பார்க்காமல் எல்லாவற்றையும் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன் என்று பிள்ளைகளுக்கு எழுதிவைத்திருந்தார். குரு அங்கியோடும் மலையேறும் காலணியோடும் பர்பியானாவிலேயே அவரைப் புதைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்றும், ஆனால் எழுதியது குற்றமே என்றும் சொன்னது.

அவர் போன பின் பள்ளி நீடிக்கவில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகி இறங்கினார்கள். சிலர் தொழிற்சங்கத்துக்கும் பொதுவாழ்வுக்கும் போனார்கள். நூலோ 1968இன் மாணவர் கிளர்ச்சியில் கைக்குக் கை போயிற்று. 1971இல் தொடக்கப் பள்ளிகளில் முழுநாள் பள்ளிக்கு வழிசெய்த சட்டமும், 1977இல் மதிப்பீட்டு முறையை மாற்றி மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பொது வகுப்பில் சேர்த்த சட்டமும் வந்தன. இரண்டும் பர்பியானாவால் மட்டும் வந்தவை என்று சொல்வது மிகை. தொழிற்சங்கங்களும் பெற்றோர்களும் ஆசிரியர் இயக்கங்களும் அவற்றுக்காகத் தெருவில் நின்றன. ஆனால் அந்தக் கூட்டங்களில் எடுத்துப் படிக்கப்பட்ட வரிகளில் மலைப்பிள்ளைகளின் வரிகளும் இருந்தன. மிலானியை மலைக்கு அனுப்பிய திருச்சபையின் அப்போதைய தலைவரான போப் பிரான்சிஸ் 2017 ஜூன் 20 அன்று அவரது கல்லறைக்கு வந்து செபித்தார். நூற்றாண்டு நாளான 2023 மே 27 அன்று இத்தாலியக் குடியரசுத் தலைவர் மத்தரெல்லா வந்தார்.

அந்த எட்டுப் பையன்கள் தங்கள் நூலைப் பதில் கேட்டு முடித்திருந்தார்கள். எல்லா ஆசிரியர்களும் அந்த ஆசிரியையைப் போன்றவர்கள் அல்லர் என்று யாராவது எழுதுவார்கள், அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லி, கடைசியில் விலாசத்தையும் கொடுத்திருந்தார்கள்: பர்பியானா பள்ளி, விக்கியோ முஜெல்லோ, ஃபிளாரன்ஸ்.